புஷ் ஏன் தேய்கிறது? தேய்மானச் சோதனைக்கு முதன்முறையாகப் போகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ராணிப்பேட்டை சிப்காட்டில் பட்டறை வைத்திருக்கிறீர்கள், அல்லது ஆம்பூர், பேரணாம்பட்டு பக்கம் ஒரு டேனரியில் (தோல் பதனிடும் ஆலையில்) பராமரிப்பு பார்க்கிறீர்கள், அல்லது காட்பாடியில் இன்ஜினியரிங் கடைசி வருடம் படிக்கிறீர்கள். ஒரு புஷ்ஷோ (சுழலும் தண்டைத் தாங்கும் உருளைக் கூடு), ஷாஃப்டோ (அந்தத் தண்டு), கியரோ சொன்ன காலத்துக்கு முன்பே தேய்ந்துபோகிறது. "ஆய்வகத்தில் கொடுத்து டெஸ்ட் பண்ணிப் பாருங்கள்" என்று யாரோ சொல்லிவிட்டார்கள். எங்கே ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான்.

எங்கள் டேனரியின் சுண்ணாம்பு டிரம்மில் (தோலைச் சுண்ணாம்புத் தண்ணீரில் போட்டுச் சுற்றும் பெரிய பீப்பாய்) கன்மெட்டல் (செம்பும் வெள்ளீயமும் கலந்த உலோகம்) புஷ் திரும்பத் திரும்பத் தேய்ந்தபோது நான் இந்த வழியில் அலைந்திருக்கிறேன். முதலில் போன ஆய்வகம் அதன் வழக்கமான வேகத்தில், அதன் வழக்கமான டிஸ்க்கில் (சுற்றும் உலோகத் தட்டில்) சோதனையை ஓட்டி, அழகான வரைபடங்களோடு ரிப்போர்ட் கொடுத்தது. அதில் எங்கள் டிரம்மைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. சோதனையின் பலன் முக்கால்வாசி ஆய்வகத்துக்குப் போவதற்கு முன்பே தீர்மானமாகிவிடுகிறது. அதனால் முதல் நான்கு படிகளில் அவசரப்படாதீர்கள்.

1. கழற்றுவதற்கு முன்னால்

புஷ்ஷைக் கழற்றியதும் ஃபிட்டர் செய்யும் முதல் வேலை, துணியால் துடைத்து மண்ணெண்ணெயில் கழுவுவது. அதைத் தடுத்துவிடுங்கள். அந்த அழுக்கில்தான் விஷயம் இருக்கிறது.

கழற்றும் முன் புஷ்ஷில் மேல், கீழ், டிரம் பக்கம், வெளிப்பக்கம் என்று மார்க்கரால் எழுதிப் போட்டோ எடுங்கள். கழற்றியபின் எந்தப் பக்கம் சுமை தாங்கியது என்று சொல்ல முடியாமல் போய்விடும். ஷாஃப்டை மைக்ரோமீட்டரால் மூன்று இடங்களில், ஒவ்வொரு இடத்திலும் செங்குத்தான இரண்டு திசைகளில் அளந்து எழுதுங்கள். புஷ்ஷின் உள்விட்டத்தையும் அப்படியே. ஒரு ஓரம் மட்டும் அதிகம் தேய்ந்திருந்தால் அது அலைன்மென்ட் பிரச்சினை. எந்த ஆய்வகத்துக்கும் போகாமலே பாதி வேலை முடிந்தது.

பழைய கிரீஸில் ஒரு கரண்டி எடுத்து மூடியுள்ள சின்ன டப்பாவில் போடுங்கள். இன்னொரு கரண்டியை மண்ணெண்ணெயில் கரைத்து வெள்ளைத் துணியில் வடிகட்டி, காய்ந்த தூளைக் காகிதத்தில் பரப்பி, அடியில் காந்தத்தை நகர்த்திப் பாருங்கள். காந்தத்தோடு ஓடுவது ஷாஃப்டிலிருந்து வந்த இரும்பு. ஓடாமல் மஞ்சளாக மின்னுவது புஷ். ஓடாமல், மின்னாமல் நறநறவென்று இருந்தால் மணல் அல்லது சுண்ணாம்பு. காசு செலவில்லாத இந்தச் சோதனை சில நேரம் பெரிய ரிப்போர்ட்டைவிட அதிகம் சொல்லும்.

டேனரிக்காரர்களுக்கு ஓர் எச்சரிக்கை. சுண்ணாம்பு டிரம்மில் சோடியம் சல்பைடு இருக்கும். அந்தக் கறை உள்ள பாகத்தை எந்தக் காரணம் கொண்டும் ஆசிட் ஊற்றிச் சுத்தம் செய்யாதீர்கள். ஹைட்ரஜன் சல்பைடு வாயு வெளிவரும், அது ஆளைக் கொல்லும். டப்பாவின் மேலும் "சல்பைடு பட்டது" என்று எழுதுங்கள். ஆய்வகத்தில் கையாள்பவருக்கும் அது தெரிய வேண்டும்.

2. தேய்ந்த முகத்தைப் படியுங்கள்

ஒரு கைலென்ஸும் நல்ல வெளிச்சமும் போதும்.

ஓடும் திசையிலேயே நீளமான கீறல்கள் இருந்தால் அது சிராய்ப்புத் தேய்மானம். கடினமான துகள் உள்ளே புகுந்திருக்கிறது. பாலாற்று மணலில் உள்ள குவார்ட்ஸ், பதப்படுத்திய (சூடாக்கிக் குளிர்வித்துக் கடினமாக்கிய) பேரிங் ஸ்டீலைவிடக் கடினமானது. சாதாரண ஈஎன்8 (நடுத்தரக் கார்பன் ஸ்டீல்) ஷாஃப்டும் கன்மெட்டலும் அதற்கு முன்னால் எம்மாத்திரம். இப்படி இருந்தால் புஷ் உலோகத்தை மாற்றும் முன், தூசி புகாமல் தடுக்கும் சீல் வளையத்தைப் பாருங்கள்.

உலோகம் பிய்ந்து அப்பியதுபோல, ஷாஃப்டில் புஷ்ஷின் நிறம் ஒட்டியிருந்தால் ஒட்டுத் தேய்மானம். எண்ணெய்ப் படலம் நிற்கவில்லை என்று பொருள். சின்னச் சின்னக் குழிகள், செதில் பெயர்ந்த மாதிரி இருந்தால் களைப்புத் தேய்மானம். இது பால் பேரிங்கிலும் கியர் பல்லிலும் அதிகம். இறுக்கமாகப் பொருத்திய இரண்டு ஸ்டீல் பாகங்களுக்கு நடுவே செம்பழுப்புத் தூள் இருந்தால், கண்ணுக்குத் தெரியாத சிறு அதிர்வில் தேய்ந்திருக்கிறது.

கன்மெட்டல் முகம் கறுத்து, விரலால் தேய்த்தால் கருந்தூள் வந்தால் அது வெறும் உராய்வு வேலை இல்லை. செம்பு கலந்த உலோகத்தைச் சல்பைடு அரிக்கும். அரித்த மெல்லிய படலத்தை உராய்வு வழித்தெடுக்கும், புதிய உலோகம் வெளிப்படும், அதையும் சல்பைடு அரிக்கும். உப்பிட்ட பச்சைத் தோலிலிருந்து வரும் உப்பும் கூடச் சேர்ந்துகொள்ளும். இரண்டும் சேர்ந்த தேய்மானத்தை உலர்ந்த நிலையில் செய்யும் எந்தச் சோதனையும் காட்டாது. எங்களுக்கு வந்த முதல் ரிப்போர்ட் பயன்படாமல் போனதற்கு இது ஒரு காரணம்.

3. கேள்வியை ஒரே வரியில் எழுதுங்கள்

"இந்தப் புஷ் நல்லதா?" என்று கேட்டால் எந்த ஆய்வகத்தாலும் பதில் சொல்ல முடியாது. "கிரீஸ் உள்ள ஈஎன்8 ஷாஃப்டின் மேல், இதே சுமையில், கன்மெட்டலைவிட காஸ்ட் நைலான் குறைவாகத் தேயுமா?" என்று கேட்டால் முடியும். இரண்டு பொருளை ஒப்பிடும் கேள்வியாக இருக்கட்டும். தேய்மானச் சோதனை ஒப்பீட்டில்தான் நம்பகமானது.

4. நான்கு எண்கள்: சுமை, வேகம், வெப்பம், நடுவில் இருப்பது

இந்தப் படியைத் தாண்டிப் போனால் மற்ற எல்லாம் வீண். ஒரு சிறிய டிரம்மை வைத்துக் கணக்குப் போட்டுக் காட்டுகிறேன்.

தண்ணீர், தோலோடு டிரம் 6 டன் என்று வைப்போம். இரண்டு பக்கப் புஷ்ஷும் பகிர்ந்தால் ஆளுக்கு 3 டன், அதாவது ஏறக்குறைய 29,500 நியூட்டன். ஷாஃப்ட் விட்டம் 120 மி.மீ., புஷ் நீளம் 150 மி.மீ. இரண்டையும் பெருக்கினால் 18,000 சதுர மி.மீ. சுமையை இதால் வகுத்தால் சதுர மி.மீ.க்கு 1.64 நியூட்டன். கியர் உள்ள பக்கத்தில் பல்லின் தள்ளுவிசையும் சேரும், அதைத் தனியாகக் கணக்கிடுங்கள்.

டிரம் நிமிடத்துக்கு 5 சுற்று. ஷாஃப்ட் ஒரு சுற்றுக்கு 0.377 மீட்டர் உரசுகிறது. வேகம் விநாடிக்கு 0.03 மீட்டர். பல ஆய்வகங்கள் வழக்கமாக ஓட்டும் வேகம் விநாடிக்கு 1, 2 மீட்டர். நம் டிரம்மைவிட அது 30, 60 மடங்கு. வேகம் கூடினால் எண்ணெய்ப் படலம் உருவாகி உலோகங்களைப் பிரித்துவிடலாம், உலர்ந்து ஓடினால் சூடேறி உலோகம் இளகலாம். நம் டிரம்மில் இரண்டும் நடப்பதில்லை. மெதுவாக, பாரமாக, கிரீஸ் படலம் உருவாகாமல் உலோகமும் உலோகமும் தொட்டுக்கொண்டே ஓடுகிறது.

வெப்பத்தை இன்ஃப்ராரெட் கன்னால், டிரம் குறைந்தது இரண்டு மணி நேரம் ஓடியபின் அளவெடுங்கள். வேலூர் கத்திரி வெயிலில் ஷெட்டுக்குள்ளேயே 40 டிகிரி இருக்கும், அதையும் குறித்துவையுங்கள். நடுவில் இருப்பது கிரீஸா, சுண்ணாம்புத் தண்ணீரா, தூசியா என்பதையும் எழுதுங்கள்.

சோதனைப் பின்னுக்கு (புஷ் உலோகத்தில் வெட்டி, தட்டின் மேல் அழுத்தி உரசவிடும் சிறு தண்டு) கொடுக்கவேண்டிய சுமை இப்போது தானாக வரும். 6 மி.மீ. விட்டமுள்ள பின்னின் பரப்பு 28.3 சதுர மி.மீ. அதை 1.64-ஆல் பெருக்கினால் 46 நியூட்டன். இந்த எண்ணை நீங்களே எழுதிக் கொடுங்கள். ஆய்வகம் தேர்ந்தெடுக்கட்டும் என்று விடாதீர்கள்.

5. எந்தச் சோதனை?

அதிகம் கேள்விப்படுவது பின்-ஆன்-டிஸ்க், ஏஎஸ்டிஎம் ஜி99 (ஏஎஸ்டிஎம் என்பது சோதனை முறைகளை வகுக்கும் அமெரிக்கத் தர அமைப்பு). சுற்றும் டிஸ்க்கின் மேல் ஒரு பின்னை அழுத்தி, உராய்வு விசையையும் தேய்ந்த அளவையும் எடுப்பார்கள். கல்லூரிகளில் பரவலாக இருப்பதும் இதுதான். ஆனால் ஒரு பொறி: சில இயந்திரங்கள் நிமிடத்துக்கு 200 சுற்றுக்குக் கீழே ஓடாது. 50 மி.மீ. விட்டமுள்ள தடத்தில் வைத்தாலும் வேகம் விநாடிக்கு 0.5 மீட்டருக்கு மேல் போய்விடும். குறைந்தபட்சச் சுற்று எவ்வளவு என்று போனிலேயே கேட்டுவிடுங்கள்.

மெதுவாக ஓடும் பாகங்களுக்கு முன்னும் பின்னும் உரசும் ரெசிப்ரோகேட்டிங் இயந்திரம் பொருத்தம். 10 மி.மீ. வீச்சு, விநாடிக்கு ஒன்றரை முறை போய்வருவது என்று வைத்தால் சராசரி வேகம் சரியாக 0.03 மீட்டர். இந்த வகைக்கான ஏஎஸ்டிஎம் ஜி133 பந்தை வைத்துச் செய்வது. நமக்குத் தட்டை முனைப் பின் வேண்டும் என்று தனியாகச் சொல்ல வேண்டும். டேனரி டிரம்கள் பலவும் திசை மாறி மாறிச் சுற்றுவதால் இது நிஜத்துக்கு இன்னும் நெருக்கம்.

மணல், தூசியால் தேயும் பாகங்களுக்கு (நெல், அரிசி சரிந்து இறங்கும் ரைஸ் மில் சூட், செங்கல் சூளை மிக்சர் பிளேடு போன்றவை) ஜி65 என்கிற உலர்மணல்–ரப்பர் சக்கரச் சோதனை. உங்கள் சந்தேகம் உலோகத்தின் மேல் இல்லை, எண்ணெயின் மேல்தான் என்றால் நான்கு பந்துச் சோதனை, ஏஎஸ்டிஎம் டி4172. அதைப் பின்-ஆன்-டிஸ்க்கில் செய்யச் சொல்லிப் பணத்தை வீணாக்காதீர்கள்.

சல்பைடு கரைசலை எந்த ஆய்வகமும் இயந்திரத்தில் ஊற்ற ஒப்புக்கொள்வது கடினம், அதில் நியாயமும் இருக்கிறது. உராய்வைத் தனியாகச் சோதித்துவிட்டு, அரிப்புக்குப் பாதுகாப்பான இடத்தில் சில நாள் ஊறவைத்து எடை பார்க்கும் சோதனையைச் சேர்த்துக்கொள்ளலாம்.

6. ஆய்வகமும் ஆவணங்களும்

வேலூர் சுற்றுவட்டாரத்திலேயே மெக்கானிக்கல் துறை உள்ள கல்லூரிகள் இருக்கின்றன. முதலில் துறைத்தலைவருக்குக் கடிதம் எழுதுங்கள். இங்கே கிடைக்காவிட்டால் காட்பாடியில் ரயில் ஏறினால் ஒரு பக்கம் சென்னை, மறுபக்கம் பெங்களூரு.

வாடிக்கையாளருக்கோ தகராறுக்கோ ரிப்போர்ட் தேவை என்றால் என்ஏபிஎல் (ஆய்வகங்களுக்கு அங்கீகாரம் தரும் தேசிய வாரியம்) அங்கீகாரம் கேளுங்கள். இங்கே பலர் ஏமாறுகிறார்கள். அங்கீகாரம் ஆய்வகத்துக்கு மொத்தமாகக் கிடைப்பதில்லை, சோதனை வாரியாகக் கிடைக்கிறது. கடினத்தன்மைச் சோதனைக்கு அங்கீகாரம் வைத்திருக்கும் இடத்தில் தேய்மானச் சோதனைக்கு இல்லாமல் இருக்கலாம். என்ஏபிஎல் தளத்தில் அந்த ஆய்வகத்தின் ஸ்கோப் பட்டியலைத் திறந்து, உங்கள் சோதனையின் எண் இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். சொந்த உபயோகத்துக்கு என்றால் இது தேவையில்லை.

கையில் இருக்கவேண்டியவை:

- லெட்டர்ஹெட்டில் கோரிக்கைக் கடிதம். மாணவர் என்றால் கல்லூரியின் போனஃபைடு கடிதம், கைடு கையெழுத்தோடு
- ஜிஎஸ்டி எண், இருந்தால் உத்யம் சான்றிதழ். சிறுதொழிலுக்குக் கட்டணச் சலுகை உண்டா என்று கேட்க இது வேண்டும்
- உலோகத்தின் டெஸ்ட் சர்டிஃபிகேட். கடைக்காரர் "கன்மெட்டல்" என்று சொன்னது போதாது, கலவை தெரிய வேண்டும்
- கிரீஸ், எண்ணெயின் பாதுகாப்புத் தகவல் தாள்
- நான்காம் படியில் எழுதிய எண்கள், ஒரே பக்கத்தில்
- தொழிற்சாலையிலிருந்து பாகத்தை வெளியே எடுக்க ரிட்டர்னபிள் கேட் பாஸ், கூடவே டெலிவரி சலான்

கேட் பாஸை அற்பம் என்று நினைக்காதீர்கள். அது இல்லாமல் செக்யூரிட்டி வாசலில் நிற்கவைத்துவிட்டால், அன்றைய அப்பாயின்ட்மென்ட் போனதுதான்.

7. மாதிரி தயாரிப்பு

பின்னை உங்கள் புஷ்ஷிலிருந்தே, தேயாத பக்கத்திலிருந்து வெட்டுங்கள். வார்ப்பு மாறினால் உள்ளமைப்பு மாறிவிடும். கேஸ் கட்டிங் கூடவே கூடாது, சூட்டில் உலோகத்தின் குணம் மாறும். வயர்கட் (கம்பியில் மின்பொறி பாய்ச்சி வெட்டுவது) நல்லது. முடியாவிட்டால் கூலன்ட் நன்றாக ஓடவிட்டு லேத்தில்.

அடுத்த பொறி, பின் உரசும் எதிர்முகம். ஆய்வகம் வைத்திருப்பது பெரும்பாலும் பதப்படுத்திய ஈஎன்31 (பேரிங் ஸ்டீல்) டிஸ்க், கடினம் ராக்வெல் சி 60 பக்கம். உங்கள் ஷாஃப்ட் பதப்படுத்தாத ஈஎன்8 என்றால் அது வேறு ஜோடி, வேறு முடிவு. ஷாஃப்ட் உலோகத்திலேயே தட்டு செய்து கொடுங்கள். முகத்தைக் கிரைண்ட் செய்து, சொரசொரப்பு ஆர்ஏ (சராசரி மேடுபள்ள அளவு) 0.8 மைக்ரான் அல்லது அதற்குக் கீழே என்று லேத்காரரிடம் எழுதிக் கொடுங்கள், வாயால் சொன்னால் மறந்துவிடும். உங்கள் ஷாஃப்ட் அதைவிடச் சொரசொரப்பாக ஓடுகிறது என்றால் அந்த அளவையே வையுங்கள், ரிப்போர்ட்டிலும் எழுதச் சொல்லுங்கள்.

ஒவ்வொரு பொருளுக்கும் மூன்று பின் சோதனைக்கு, ஒன்று உபரி. ஒரே ஒரு முறை ஓட்டிய முடிவை நம்பவே நம்பாதீர்கள். தேய்மான எண்கள் ஒரே பொருளிலேயே நன்றாக ஏறி இறங்கும்.

நைலான் புஷ்ஷுக்குத் தனிக் கவனம். அது தண்ணீரை உறிஞ்சி எடை கூடும். ஈரத்தில் சோதித்து எடை பார்த்தால் தேயவே இல்லை என்று காட்டும். சோதிக்காத ஒரு பின்னை அதே தண்ணீரில் ஊறவைத்து, அதன் எடைக் கூடுதலைக் கழிக்கச் சொல்லுங்கள்.

8. செலவும் நேரமும்

கட்டணம் இடத்துக்கு இடம் பெரிதாக மாறுகிறது, அதனால் குறைந்தது மூன்று கொட்டேஷன் வாங்குங்கள். மாதிரிக்கு இவ்வளவு என்பதா, மணிக்கு இவ்வளவு என்பதா என்று முதலில் கேளுங்கள். வேகமாக ஓடும் சோதனைக்கு இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். நமக்கு அப்படியல்ல: விநாடிக்கு 2 மீட்டரில் 500 மீட்டர் ஓட 4 நிமிடம் சொச்சம், 0.03 மீட்டரில் அதே தூரத்துக்கு நாலரை மணி நேரம். மணிக்கணக்குக் கட்டணம் என்றால் பில் எங்கேயோ போய்விடும். மாதிரிக்கணக்கில் பேசுங்கள்.

கட்டணத்தின் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. எலக்ட்ரான் மைக்ராஸ்கோப் படம் வேண்டுமானால் அது தனிக் கட்டணம், எல்லா மாதிரிக்கும் எடுக்காமல் ஒவ்வொரு பொருளிலும் ஒன்றுக்கு எடுத்தால் போதும். வயர்கட், கிரைண்டிங் கூலியைத் தொடக்கத்திலேயே பட்ஜெட்டில் சேருங்கள். எங்கள் விஷயத்தில் மாதிரி தயாரித்த செலவு, சோதனைக் கட்டணத்துக்குக் குறையாமல் வந்தது.

இரண்டு பொருள், மூன்று முறை, ஒவ்வொன்றும் நாலரை மணி என்றால் 27 மணி நேரம். ஒரு நாளைக்கு இரண்டு ஓடினாலே பெரிது, அதனால் முழுதாக மூன்று வேலை நாள். அதற்கு முன் மாதிரி தயாரிக்க ஒன்றிரண்டு வாரம் ஒதுக்குங்கள். கல்லூரி ஆய்வகம் என்றால் கடைசி வருட மாணவர்கள் புராஜெக்ட் மும்முரத்தில் இருக்கும் மாதங்களில் இயந்திரம் கிடைக்காது. டேனரிக்கு இன்னொரு கணக்கும் உண்டு. பக்ரீத் முடிந்த கையோடு தோல் வரத்து கூடிவிடும், அப்போது டிரம்மை நிறுத்த முதலாளி ஒப்ப மாட்டார். அதற்கு முன்பே கழற்றி அளந்துவிடுங்கள்.

9. சோதனை நாளில்

முடிந்தால் நேரில் போங்கள். பின்னை அசிட்டோனில் கழுவி, உலர்த்தி, 0.1 மில்லிகிராம் வரை காட்டும் தராசில் எடை பார்க்கிறார்களா என்று பாருங்கள். நகைக்கடைத் தராசு இதற்குப் போதாது. பின்னின் முகம் முழுவதும் தட்டில் படிய வேண்டும். ஓரம் மட்டும் தொட்டால் அழுத்தம் பல மடங்காகிவிடும். எவ்வளவு கிரீஸ், எப்போது தடவினார்கள் என்பதும், அறையின் வெப்பமும் ஈரப்பதமும் ரிப்போர்ட்டில் வர வேண்டும் என்று அங்கேயே சொல்லிவிடுங்கள். வரைபடத்தை மட்டும் வாங்காமல், எண்கள் உள்ள ஃபைலையும் பென்டிரைவில் கேட்டு வாங்குங்கள்.

10. ரிப்போர்ட்டை எப்படி வாசிப்பது

முதல் பக்கத்தில் உராய்வுக் கெழு (உராய்வு விசையைச் சுமையால் வகுத்த எண்) இருக்கும். கிரீஸ் இருந்தும் உலோகங்கள் தொட்டு ஓடும் நிலையில் 0.1 பக்கத்தில் வந்தால் இயல்பு. வரைபடத்தின் தொடக்கத்தில் ஏறி இறங்குவது இரண்டு முகமும் பழகும் கட்டம், அதை விட்டுவிட்டு நிலையான பகுதியைப் பாருங்கள்.

உராய்வு குறைவென்றால் தேய்மானமும் குறைவு என்று முடிவுகட்ட வேண்டாம். கலப்பில்லாத டெஃப்லான் மிகமிகக் குறைந்த உராய்வு கொண்டது, ஆனால் மளமளவென்று தேயும். இரண்டு எண்ணையும் தனித்தனியாகப் பாருங்கள்.

தேய்மானத்தை எடையில் ஒப்பிடாதீர்கள், கன அளவில் ஒப்பிடுங்கள். நைலான் கன்மெட்டலைவிட ஏழெட்டு மடங்கு இலேசு, எடை இழப்பு மட்டும் பார்த்தால் அது எப்போதும் ஜெயித்துவிடும். உதாரணமாகக் கன்மெட்டல் பின் 2.2 மில்லிகிராம் இழந்தது என்று வைப்போம். அடர்த்தி கன செ.மீ.க்கு 8.8 கிராம் என்றால் 0.25 கன மி.மீ. பின்னின் பரப்பு 28.3-ஆல் வகுத்தால் உயரத்தில் 0.0088 மி.மீ. குறைந்திருக்கிறது, 500 மீட்டர் ஓட்டத்தில்.

டிரம் நாளுக்குப் பத்து மணி நேரம் சுற்றினால் ஷாஃப்ட் உரசும் தூரம் 1,131 மீட்டர். அழுத்தத்தை நிஜத்தில் உள்ளதுபோலவே வைத்ததால் நேரடியாகப் பெருக்கலாம்: நாளுக்கு 0.02 மி.மீ., 50 நாளில் 1 மி.மீ. இதை உங்கள் பழைய புஷ்ஷின் அளவோடு ஒப்பிடுங்கள். பக்கத்தில் வந்தால் சோதனை உங்கள் டிரம்மைப் பிடித்திருக்கிறது, மற்ற பொருளின் எண்ணையும் நம்பலாம். நிஜத்தில் அதைவிடப் பல மடங்கு வேகமாகத் தேய்ந்திருந்தால் சோதனையில் இல்லாத ஏதோ ஒன்று டிரம்மில் நடக்கிறது: மணல், சல்பைடு, அலைன்மென்ட், அல்லது கிரீஸ் போய்ச்சேராத ஒரு மூலை. அப்போது உலோகத்தை மாற்றாதீர்கள், இரண்டாம் படிக்குத் திரும்புங்கள். எங்கள் டிரம்மில் கடைசியில் மாற்றியது சீலும் கிரீஸ் வரும் பள்ளத்தின் இடமும்தான். கன்மெட்டல் அப்படியே இருக்கிறது.

தட்டின் பக்கம் என்ன ஆனது என்பதையும் கேளுங்கள். புஷ் தேயாமல் ஷாஃப்டைத் தின்னும் ஜோடி உங்களுக்கு வேண்டாம். புஷ் மாற்றுவது ஒரு நாள் வேலை, ஷாஃப்ட் மாற்ற டிரம்மையே இறக்க வேண்டும்.

11. கணக்கை முடிப்பது

சோதித்த பின்களையும் தட்டுகளையும் திருப்பிக் கேளுங்கள். குறிப்பிட்ட நாளுக்குப் பின் ஆய்வகம் அப்புறப்படுத்திவிடும், அது எத்தனை நாள் என்று கொட்டேஷனிலேயே எழுதி வாங்குங்கள். ஒவ்வொன்றையும் எண் எழுதிய கவரில் போட்டு, துரு பிடிக்காமல் இருக்க மெல்ல எண்ணெய் தடவி வையுங்கள். அடுத்த புஷ் மாற்றும்போது பக்கத்தில் வைத்துப் பார்க்கத் தேவைப்படும். ஜிஎஸ்டி பில்லைக் கணக்கருக்குக் கொடுத்துவிட்டு, வெளியே போன பாகம் திரும்பியது என்று கேட் பாஸில் கையெழுத்து வாங்கிவிடுங்கள். அது நிலுவையில் இருந்தால் அடுத்த முறை பாஸ் தர மாட்டார்கள்.